மகன் கடனை அடைக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெறுகிறோம். ஓய்வூதியம் கிடையாது. கையில் வரும் மொத்தத் தொகையில் மகனின் வீட்டுக் கடனை அடைத்துவிட்டு, எங்கள் வீட்டையும் இப்போதே அவன் பெயருக்கு எழுதிவிடலாம் என்கிறார் கணவர். சரியா?

பதில்: வேண்டாம், சகோதரி. உங்கள் மகன் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குக் கடனை அடைக்க இன்னும் பல ஆண்டுச் சம்பளம் இருக்கிறது; உங்களுக்கு இருப்பது இந்தத் தொகை மட்டும்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். 60 வயதில் ஒரு மாதத்துக்குப் போதுமான பணம், 84 வயதில் ஒரு வாரத்துக்குத்தான் வரும். கேட்கவே பயமாக இருக்கிறது, இல்லையா? அதனால்தான் எல்லாவற்றையும் வங்கி வைப்பு நிதியில் (ஃபிக்ஸட் டெபாசிட்) முடக்காதீர்கள் என்கிறேன். ஓராண்டுச் செலவுக்கான பணம் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கானது வைப்பு நிதியில். மீதியில் ஒரு பகுதியையாவது விலைவாசியைத் தாண்டி வளரக்கூடிய பங்குச் சந்தை நிதிகளில் போடுங்கள். அவை ஏறி இறங்கும்; அந்தப் பணத்தை உடனே தொடவேண்டிய அவசியம் இருக்கக்கூடாது.

வீட்டுக்கு உயில் எழுதுங்கள், தானப் பத்திரம் வேண்டாம். உயிலை நீங்கள் இருக்கும்வரை மாற்றலாம். பதிவான தானத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. கணவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே சொந்தமாக எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காப்பீடு பணம் தராத ஆரம்ப ஆண்டுகள், அதாவது காத்திருப்புக் காலம், சம்பளம் வரும் நாட்களிலேயே கழியத் தொடங்கும்.