உலகம் ஒரு சிமுலேஷனா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

இந்த உலகமே ஏதோ ஒரு கணினியில் ஓடும் சிமுலேஷன்தான் என்கிறார் எலான் மஸ்க். பிளாங்க் நீளம்தான் உலகத்தின் பிக்சல் என்று ஒரு காணொளியில் கேட்டேன். சங்கரர் மாயை என்றதும் இதைத்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாயையை முதலில் முடித்துவிடுவோம். கயிறு என்று தெரிந்ததும் பாம்பு காணாமல் போகும் என்பது சங்கரர் பக்கத்து உவமை. சிமுலேஷன் என்று தெரிந்தாலும் உங்கள் கரண்ட் பில் வரத்தான் செய்யும். இரண்டும் வேறு.

மஸ்க் அதைச் சொன்னது 2016இல். வீடியோ கேம்கள் நாற்பது வருஷத்தில் அடைந்த வளர்ச்சியைத்தான் ஆதாரமாகக் காட்டினார். வாதத்தின் மூலம் தத்துவவாதி நிக் பாஸ்ட்ரம் 2003இல் எழுதிய கட்டுரை. அவர் மூன்று சாத்தியங்களைச் சொல்கிறார். ஓர் உலகத்தையே கணினியில் ஓட்டும் தொழில்நுட்பத்தை எட்டும் முன்பே நாகரிகங்கள் அழிந்துவிடும். அல்லது எட்டியவர்கள் தங்கள் முன்னோரைக் கணினியில் ஓட்டிப் பார்க்க மாட்டார்கள். அல்லது நாம் அநேகமாக சிமுலேஷனில் இருக்கிறோம். மூன்றில் ஒன்றாவது உண்மை என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். காணொளிகளுக்கு மூன்றாவது மட்டும் போதும்.

பிளாங்க் நீளம் என்பது ஒளிவேகம், ஈர்ப்பு மாறிலி, பிளாங்க் மாறிலி மூன்றையும் சேர்த்தால் கிடைக்கும் மிகமிகச் சிறிய ஒரு நீள அளவு. வெளி (space) அந்த அளவில் கட்டங்கட்டமாக இருப்பதை யாரும் கண்டதில்லை. தேடியிருக்கிறார்கள். 2009 மே மாதம் ஃபெர்மி விண்கலம் ஒரு காமா கதிர் வெடிப்பைப் பதிவுசெய்தது. சுமார் 700 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி. வெளி சொரசொரப்பானது என்றால் அதிக ஆற்றலுள்ள ஃபோட்டான் (ஒளித்துகள்) வழியில் பின்தங்கும் என்று சில கோட்பாடுகள் எதிர்பார்த்தன. ஆற்றலில் பத்து லட்சம் மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு ஃபோட்டான்கள் ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் வந்து சேர்ந்தன! எல்லாக் கோட்பாடுகளையும் இது மறுத்துவிடாது. ஆனால் பிக்சலுக்கு ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

அப்புறம், செலவு. வெறும் 300 எலக்ட்ரான் சுழற்சிகளின் குவாண்டம் நிலையை முழுதாக எழுதிவைக்க வேண்டிய எண்கள், நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் அணுக்களைவிட அதிகம். சிமுலேஷனை ஓட்டுபவர்களின் உலகில் வேறு இயற்பியல், வேறு கணினி இருக்கலாமே என்பார்கள். சரி, இருக்கட்டும். அப்படியானால் நம்மூர் கணினிகளின் வளர்ச்சியை வைத்து அவர்களைப் பற்றி எப்படிக் கணக்குப் போட்டீர்கள்? நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டுவதுதான் இது.

பாஸ்ட்ரம் கட்டுரை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, படியுங்கள். சிலிக்கானிலும் பிரக்ஞை உண்டாகும் என்பதை அவர் தொடக்கத்திலேயே ஓர் அனுமானமாக வைத்துவிட்டு, அதற்காக வாதிடாமல் நகர்ந்துவிடுவார். அந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.