கீறல், வெள்ளை வட்டம், தேங்காய் எண்ணெய்: மரச்சாமான் கேள்வி பதில்

இருபத்தேழு வருடமாக மரத்துக்கு பாலிஷ் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: கேள்வி கேட்டு முடிக்கும்வரை கையில் இருக்கும் உப்புத்தாளைக் கீழே வையுங்கள்.

கும்பகோணம் வாசகி: தாத்தா காலத்துத் தேக்கு ஊஞ்சல். பூனை நகத்தால் பலகை முழுக்கக் கீறல். முழுசாக இழைத்துவிடலாமா?

வேண்டாம் அம்மா. அந்த நிறம் வர அறுபது எழுபது வருடம் ஆகியிருக்கும், இழைப்புளி அதைப் பத்து நிமிடத்தில் தின்றுவிடும்.

முதலில் மேலே இருப்பது என்ன பூச்சு என்று பாருங்கள். பலகையின் அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் (பாலிஷுக்கு வாங்கும் மெதிலேட்டட் ஸ்பிரிட்) விடுங்கள். அரை நிமிடத்தில் பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். அந்தக் காலத்து ஊஞ்சல் என்றால் பெரும்பாலும் அதுதான். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர் என்ற பூச்சு. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பிற்காலத்தில் யாரோ மெலமைனோ பி.யு.வோ (பாலியூரிதேன்) அடித்திருக்கிறார்கள், இரண்டுமே இறுகினால் கரையாத புதுக்காலப் பூச்சுகள்.

அடுத்து, கீறலில் விரலால் கொஞ்சம் எச்சில் தொட்டு வையுங்கள். கீறல் மறைந்தால் பூச்சில் மட்டும்தான் காயம். மறையாமல் வெளிறியே நின்றால் மரம் வரை போயிருக்கிறது.

பூச்சுக் கீறலுக்கு, பஞ்சை மல் துணியில் பொட்டலமாகக் கட்டி, ஸ்பிரிட்டில் நனைத்து, பிழிந்து, கிட்டத்தட்டக் காய்ந்த பதத்தில் மர ரேகைப் போக்கில் ஓட்டுங்கள். பழைய அரக்கே இளகிக் கீறலை மூடும். அரக்கில் எனக்குப் பிடித்ததே இதுதான். பொட்டலம் ஒரு இடத்தில் நின்றால் ஒட்டிக்கொண்டு பூச்சையே உரித்துவிடும். ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆழமான கீறலுக்குப் புது அரக்கு வேண்டும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்குச் செதில், கண்ணாடி ஜாடியில் இரவு முழுக்க ஊறட்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது, கறுத்துவிடும். ஸ்பிரிட்டில் கரையும் சாயப்பொடி துளி சேர்த்து, மெல்லிய பிரஷ்ஷால் கீறலுக்குள் மட்டும் தொட்டு, காயவிட்டு, மறுபடி தொட்டு நிரப்புங்கள். ஐந்தாறு தடவை ஆகலாம். இதை அடைமழை நாளில் செய்யாதீர்கள், ஈரக்காற்றில் அரக்கு வெளுத்துப் போகும். பூஜை விளக்கையும் அணைத்துவிட்டுத்தான் ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

மதுரை: பாலிஷ் போட்ட சாப்பாட்டு மேஜையில் சூடான குக்கர் வைத்து வெள்ளை வட்டம்.

அது மரத்தில் இல்லை, பூச்சுக்குள் சிக்கிய ஈரம். ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளி, ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். போகவில்லையா? அரக்குப் பூச்சு என்றால் மேலே சொன்ன ஸ்பிரிட் பொட்டலம்.

சேலம்: சுத்தியல் விழுந்து பள்ளம்.

நார் அறுபடாமல் அமுங்கியிருந்தால் எழும். பூச்சில்லாத மரம் என்றால் ஈரத்துணி போட்டு அயர்ன் பாக்ஸை இரண்டு மூன்று விநாடி வைத்து வைத்து எடுங்கள். பூச்சு இருந்தால் அதை எடுத்த பிறகு.

தாம்பரம்: எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அலமாரியின் அடிப்பகுதி தண்ணீரில் ஊதிவிட்டது.

ஊதியது ஊதியதுதான். பலகையை மாற்றுங்கள்.

வேலூர்: டீ டம்ளர் வைத்து மேஜையில் வெள்ளை வட்டம்...

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

காரைக்குடி: இத்தனை வேலை எதற்கு? தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் மறைகிறதே.

மறையும். எச்சிலுக்கும்தான் மறைந்தது. ஆளி விதை எண்ணெய் காற்று பட்டு இறுகும். தேங்காய் எண்ணெய் எத்தனை வருடம் ஆனாலும் இறுகாது, தூசியைப் பிடித்து, சிக்கு வாடை அடித்து, நாளை போடும் பாலிஷையும் ஒட்டவிடாது.

காரைக்குடி, மறுபடியும்: எங்கள் வீட்டுத் தூணுக்கு எண்பது வருடமாக அதுதான். கல் மாதிரி நிற்கிறது.

தூண் நிற்பது தேக்கின் குணம், எண்ணெயின் குணம் இல்லை. தேக்குக்குள்ளேயே எண்ணெய்ப் பசை உண்டு. நீங்கள் மோர் தடவியிருந்தாலும் நின்றிருக்கும்.

பொள்ளாச்சி: அப்போது ஆளி விதை எண்ணெயே தடவலாமா?

பூச்சில்லாத மரத்துக்குத் தாராளமாக. ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். இறுகும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். எங்கள் பட்டறையில் ஒரு மதியம் மூலையில் கிடந்த கோணி புகைந்தது, பீடி குடித்தது யார் என்று பையன்களைத்தான் திட்டினேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே நான் போட்ட துணி. விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்குங்கள்.

ஓசூர்: வெனீர் மேஜையில் கீறல், 80 நம்பர் உப்புத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.

கடையில் திருப்பிக் கொடுங்கள். வெனீர் என்பது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த முரட்டுத்தாள் அதைத் தேய்த்தே தீர்த்துவிடும்.

நாகர்கோவில்: காபி டபரா வைத்து வெள்ளையாக...

மதுரை! மதுரை!

காரைக்குடி: சரிங்க. நாற்காலியிலும் தடவிவிட்டேன். எண்ணெயை எப்படி எடுப்பது?

டர்பன்டைனில் துணியை நனைத்துத் துடையுங்கள், ஒவ்வொரு தடவைக்கும் புதுத்துணி. அரக்கை அது கரைக்காது. துணியில் பிசுக்கு வருவது நிற்கும்வரை செய்து, இரண்டு நாள் காற்றாட விடுங்கள். தூணை விடுங்கள், அது பாட்டுக்கு நிற்கட்டும்.