போனேர் தீவுக்குப் பன்னிரண்டு பேர்: ஸ்கூபா பயணத்துக்கு எப்படித் தயாராவது?

டொரன்டோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "அலுவலக நண்பர்கள் பன்னிரண்டு பேர் வரும் பிப்ரவரியில் கரீபியன் கடலில் உள்ள போனேர் தீவின் விடுதி ஒன்றில் ஏழு இரவுகள் தங்கி ஸ்கூபா முக்குளிக்கத் திட்டமிட்டிருக்கிறோம். எங்களில் ஐவருக்கு நல்ல அனுபவம் உண்டு. மூவர் சான்றிதழ் பெற்ற பின் ஐந்தாண்டுகளாகக் கடலில் இறங்கவில்லை. இருவர் இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். மற்ற இருவர் கரையிலேயே இருப்பார்கள். 52 வயதான ஒருவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். இன்னொருவருக்கு ஆஸ்துமா இருந்தது. நான்கு மாத அவகாசத்தில் எதிலிருந்து தொடங்குவது, எந்த உபகரணங்களை வாங்குவது?"

உபகரணங்களைக் கடைசியில் பார்ப்போம். முதலில் ஆட்களைப் பார்க்க வேண்டும். குழுவாகச் செல்லும் பயணங்களில் சிக்கல் வருவது சுறாவாலோ கொந்தளிப்பாலோ அல்ல. நூறு முறை இறங்கியவரையும் ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு வருபவரையும் ஒரே ஆழத்துக்கு ஒன்றாக அனுப்புவதால்தான் பெரும்பாலும் வருகிறது. ஆகவே இந்த வாரமே ஒவ்வொருவருடைய சான்றிதழ் நிலை, கடைசியாகக் கடலில் இறங்கிய மாதம், இதுவரை செய்த முக்குளிப்புகளின் எண்ணிக்கை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மருந்து விவரத்தை மட்டும் குழுவின் வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் எவரும் தம் நோயைச் சொல்ல மாட்டார்கள். தனியே தொலைபேசியில் கேட்டால் சொல்வார்கள்.

முக்குளிப்பு நிலையங்கள் கடலில் இறக்குவதற்கு முன் ஒரு மருத்துவ வினாத்தாளை நிரப்பச் சொல்லும். 45 வயதைக் கடந்தவர்களிடம் இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றை அது குறிப்பாகக் கேட்கிறது. 'ஆம்' என்று குறித்தால் மருத்துவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் போனேரில் போய் இறங்கி, உண்மையைக் குறித்துவிட்டு ஒரு வாரம் கரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், பொய்யாக 'இல்லை' என்று குறிப்பது. தண்ணீருக்குள் இறங்கியதும் கால்களில் இருக்கும் இரத்தம் மார்பை நோக்கித் தள்ளப்பட்டு இதயத்தின் சுமை கூடுகிறது. முக்குளிப்பு மரணங்களின் முக்கியக் காரணங்களுள் இதயக் கோளாறு ஒன்று என்பதால்தான் அந்தக் கேள்வியே கேட்கப்படுகிறது. உங்கள் 52 வயது நண்பர் மாத்திரையின் பெயரையும் மருத்துவரிடம் காட்டட்டும், ஏனெனில் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் கடும் உழைப்புக்கு ஈடுகொடுக்கும் திறனைக் குறைக்கக்கூடும். எதிர்நீரோட்டத்தில் நீந்தும்போது அது தெரியவரும். ஆஸ்துமா இருந்தவர் நுரையீரல் செயல்திறன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த காற்று நீர்மட்டத்துக்கு வரும்போது இரண்டு மடங்காக விரிகிறது. சுருங்கிய மூச்சுக்குழாய்க்குப் பின்னால் அது சிக்கிக்கொண்டால் நுரையீரல் கிழியலாம். ஆகவே இந்த விஷயத்தில் 'சின்ன வயதில் இருந்தது, இப்போது இல்லை' என்ற வாய்மொழி போதாது.

ஐந்தாண்டு இடைவெளி விட்ட மூவரும் டொரன்டோவிலேயே ஒரு நீச்சல் குளத்தில் மறுபயிற்சி வகுப்பை முடித்துவிட வேண்டும். மாஸ்க்குக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவது, டேங்கின் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து மீண்டும் பொருத்துவது, உடன் இறங்கும் இணையின் காற்றைப் பகிர்ந்துகொள்வது ஆகிய மூன்றும் கை தானாகச் செய்யும் அளவுக்குத் திரும்ப வந்தால் போதும். புதிதாகக் கற்கும் இருவரும் பாடத்தையும் குளப் பயிற்சியையும் அங்கேயே முடித்து, அவற்றை முடித்ததற்கான பரிந்துரைப் படிவத்துடன் வந்து, மீதமுள்ள நான்கு திறந்த நீர் (கடல்) முக்குளிப்புகளைப் போனேரில் ஒரு பயிற்றுநரிடம் செய்யலாம். கனடாவின் பிப்ரவரியில் ஏரியில் இறங்கும் துன்பமும் மிச்சம். ஆனால் அந்த நான்கும் குறைந்தது இரண்டு நாட்களாகப் பிரிக்கப்படுவதால், முதல் இரண்டு நாட்களுக்கு அவர்கள் இருவரையும் உங்கள் குழுத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

போனேரைத் தேர்ந்தது இத்தகைய கலவையான குழுவுக்குப் பொருத்தமான முடிவு. வெனிசுவேலாவின் கரைக்கு வடக்கே, நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சியாக இருக்கும் இத்தீவின் மேற்குக் கரை காற்றுக்கு மறைவாக அமைதியாக இருக்கிறது; பவளப்பாறைத் திட்டும் கரையிலிருந்து சிறிது தூரம் நீந்தினாலே தொடங்கிவிடுகிறது. சாலையோரத்தில் பெயர் எழுதிய மஞ்சள் கற்களே முக்குளிப்பு இடங்களின் அடையாளம். பிக்கப் லாரியின் பின்புறத்தில் டேங்குகளை ஏற்றிக்கொண்டு, மஞ்சள் கல்லைக் கண்ட இடத்தில் நிறுத்தி, கரையிலிருந்தே இறங்கலாம். படகு நேரத்துக்கு எல்லோரும் ஓட வேண்டியதில்லை. புதியவர்கள் ஒரே இடத்தில் 10 மீட்டரில் நாற்பது நிமிடம் இருக்க, அனுபவமுள்ள ஐவரும் வேறிடம் போகலாம். லாரியில் மட்டும் கைப்பேசியையோ கடவுச்சீட்டையோ விட்டுவிட்டு இறங்காதீர்கள். கிழக்குக் கரையில் வணிகக் காற்றால் அலை எப்போதும் ஓங்கி நிற்பதால், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அங்கே எவரும் இறங்க வேண்டாம்.

தீவைச் சுற்றியுள்ள கடல் 1979 முதல் பாதுகாக்கப்படும் கடல் பூங்கா. வருகிறவர்கள் ஆண்டுக்கு 40 டாலர் இயற்கைக் கட்டணம் செலுத்தி, விதிகளைக் கேட்டு, ஒரு சோதனை முக்குளிப்பும் செய்த பின்னரே விருப்பம்போல் இறங்க முடியும். இதுபோக நபருக்கு 75 டாலர் நுழைவு வரியும் உண்டு. கையுறை அணியக் கூடாது என்பதைப் பலர் அங்கே போய்த்தான் அறிகிறார்கள். கையுறை இருந்தால் கை தானாகப் பவளத்தைப் பிடிக்கும் என்பதே காரணம், அது நியாயமும்கூட. பவளத்துக்குக் கேடான ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீனும் தடைசெய்யப்பட்டிருப்பதால், முழுக்கை நீச்சல் சட்டை வாங்குவது மேல்.

அனுபவமுள்ளவர்கள் 'ஹில்மா ஹூக்கர்' கப்பலைப் பார்க்க விரும்புவார்கள். கஞ்சாக் கடத்தியதாகப் பிடிபட்டு, 1984 செப்டம்பரில் மூழ்கி, இன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் கப்பல் அது. அடிமட்டம் ஏறத்தாழ 30 மீட்டர்; மேற்புறம் 18 மீட்டர் அளவில். தொடக்க நிலைச் சான்றிதழின் எல்லையே 18 மீட்டர் என்பதால், மேலே இருந்து பார்க்கலாமே என்று இடைவெளி விட்ட மூவரையும் அழைத்துப் போக ஆசை வரும். ஆசைதான், ஆனால் நீல வெளியில் எல்லைக் கோட்டின் மேல் மிதந்தபடி ஆழத்தைக் கட்டுப்படுத்துவது, மணல் தரைக்கு மேலே நீந்துவதைவிடக் கடினம். வாரத்தின் நான்காம், ஐந்தாம் நாளில், ஒவ்வொருவருக்கும் அனுபவமுள்ள ஓர் இணையைக் கொடுத்து முடிவுசெய்யுங்கள்.

இப்போது உபகரணம். சொந்தமாக வாங்க வேண்டியவை முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க், கனத்த அடி கொண்ட பூட்ஸ், அதற்கேற்ற திறந்த குதிகால் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர். போனேரின் கரை பல இடங்களில் கூர்மையான சுண்ணாம்புப் பாறையும் உடைந்த பவளமுமாக இருப்பதால், வெறுங்காலில் அணியும் ஃபின்னை வைத்துக்கொண்டு நடக்க முடியாது. புது மாஸ்க்கின் கண்ணாடியில் உற்பத்தியின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். வீட்டிலேயே பற்பசை தடவி, விரல் நுனியால் நான்கைந்து முறை தேய்த்துக் கழுவாவிட்டால் முதல் முக்குளிப்பு முழுவதும் பனிமூட்டமாகவே தெரியும். தண்ணீர் அப்போது 26 டிகிரி அளவில் இருக்கும். அது கதகதப்பாகத் தோன்றினாலும், நாளுக்கு மூன்று முறை இறங்கும்போது மூன்றாம் நாள் குளிர் உள்ளே இறங்குகிறது, 3 மி.மீ. தடிமனுள்ள முழு வெட்சூட் (உடலை ஒட்டிய ரப்பர் உடை) வேண்டும்.

பி.சி.டி. (மிதப்பைக் கூட்டவும் குறைக்கவும் காற்று நிரப்பும் மேற்சட்டை), ரெகுலேட்டர் ஆகியவற்றை வாடகைக்கு எடுக்கலாம். சொந்த ரெகுலேட்டர் உள்ளவர்கள் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே பராமரிப்புக்குக் கொடுத்துவிடட்டும். இதில் நான் பட்டவன். ஒரு முறை, புறப்படுவதற்கு முந்தைய நாள் கடையிலிருந்து வாங்கி, சோதிக்காமல் பெட்டியில் வைத்தேன். முதல் நாள் 12 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் ஒரு வாய் உப்புநீர் வந்தது. உள்ளே ரப்பர் தகடு சரியாக உட்காரவில்லை. அன்று மேலே வந்தவன், அதன் பிறகு குளத்தில் சோதிக்காத எதையும் விமானத்தில் ஏற்றியதில்லை.

நீரில் அமிழ்வதற்காக உடலில் கட்டும் ஈய எடை பற்றி ஒரு சொல். அலுமினிய டேங்கில் இருக்கும் காற்றுக்கும் எடை உண்டு. முக்குளிப்பின் முடிவில் அது சுமார் 2 கிலோ குறைந்துவிடுகிறது. தொடக்கத்தில் சரியாக இருந்தவர், கடைசியில், மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க முடியாமல் மேலே மிதப்பது இதனால்தான். ஆகவே சோதனை முக்குளிப்பின் முடிவில், டேங்கில் 50 பார் அழுத்தத்தில் காற்று மிஞ்சியிருக்கும்போது, எடையைச் சரிபார்த்து, ஈயத்தின் அளவை உடனே எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகப் பேரைக் கரையில் உட்கார வைப்பது காது. அழுத்தம் முதல் 10 மீட்டரிலேயே இரட்டிப்பாவதால், வலி வரும் வரை காத்திருக்காமல், தலை மூழ்கும் முன்பே தொடங்கி, ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். வலித்தால் ஒரு மீட்டர் மேலே ஏறி மீண்டும் முயல வேண்டும். பலமாக ஊதுவது காதைக் கெடுக்கும். சளி பிடித்தால் மூக்கடைப்பு மாத்திரையை நம்பி இறங்காதீர்கள். அதன் வேகம் கடலுக்கடியில் தணிந்தால், மேலே வரும்போது விரியும் காற்றுக்கு வழியில்லாமல் போகும்.

காப்பீடு பற்றி இரண்டு வரி. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல ஸ்கூபாவைச் சேர்ப்பதில்லை. அழுத்த அறைச் சிகிச்சைக்கும் விமானத்தில் அழைத்துச் செல்வதற்குமான செலவை ஏற்கும் முக்குளிப்புக் காப்பீட்டை, முன்பணம் கட்டும் முன்பே எடுங்கள். குழுவில் கனடியக் குடியுரிமை இல்லாதவர்கள் இருந்தால், போனேர் ஷெங்கன் பகுதியில் சேராது என்பதை நினைவில் வைத்து, விசா விதிகளை நெதர்லாந்து அரசின் இணையத்தளத்தில் உடனே பார்க்கட்டும்.

விமானச் சீட்டை முடிவுசெய்யும்போது கடைசி நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக, பல நாள் தொடர்ந்து இறங்கியவர் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். நான் 24 மணி நேரம் என்றே சொல்வேன். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு விமானம் என்றால், முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே எல்லோரும் கரையேறியிருக்க வேண்டும். புறப்படும் நாளின் காலையில், கரையிலேயே இருந்த இருவரையும் அழைத்துக்கொண்டு, தீவின் வடக்கே உள்ள வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவுக்குப் போகலாம். அங்கிருக்கும் பிராண்டாரிஸ் குன்று 241 மீட்டர்தான்; அந்த இடைவெளிக்குப் பிறகு அந்த உயரம் தொந்தரவு தராது. வெட்சூட்டுகளை மட்டும் முந்தைய மாலையே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டுவிடுங்கள். ஈரத்தோடு கட்டிய பெட்டி எடை வரம்பைத் தாண்டும்.