காற்புள்ளியில் வெட்டினால் சிஎஸ்வி கோப்பின் மதிப்புகள் ஏன் இடம் மாறுகின்றன?

சிஎஸ்வி என்பது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் உரைக் கோப்பு. அதன் ஒவ்வொரு வரியையும் காற்புள்ளியில் ஸ்ப்ளிட் செய்தால், அதாவது துண்டாக்கினால், சில வரிகளில் மட்டும் முகவரியின் பாதி அடுத்த நெடுவரிசைக்குத் தாவுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முகவரிகளுக்குள்ளேயே காற்புள்ளி இருக்கும். "12, வடக்கு வீதி" என்பது ஒரே மதிப்பு என்று காட்டத்தான் இரட்டை மேற்கோள் குறி போடப்படுகிறது. ஸ்ப்ளிட் அதைக் கண்டுகொள்வதில்லை.

சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும் ஆவணமான, 2005-ல் வெளியான ஆர்எஃப்சி 4180 இந்த விதிகளைத் தெளிவாகச் சொல்கிறது. மேற்கோளுக்குள் காற்புள்ளி வரலாம், புதிய வரிகூட வரலாம். மேற்கோள் குறியே மதிப்பின் பகுதி என்றால் அதை இரண்டு முறை எழுத வேண்டும். ஆக, ஒரு பதிவு பல வரிகளுக்கு நீளலாம். கோப்பை வரிவரியாக உடைப்பதிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. நல்ல பார்சர், அதாவது கோப்பைப் படித்து மதிப்புகளாகப் பிரிக்கும் நிரல், எழுத்தெழுத்தாகப் படிக்கும். தான் மேற்கோளுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதை நினைவில் வைத்தபடியே நகரும். உள்ளே இருக்கும்போது காற்புள்ளி அதற்கு வெறும் எழுத்துதான்.

தயவுசெய்து ரெகெக்ஸ் (உரையில் எழுத்துக் கோலங்களைத் தேடும் குறியீடு) எழுதி ஒட்டுப்போடாதீர்கள். பைத்தான் நிரல்மொழியுடன் சிஎஸ்வி மாட்யூல் (இதற்கான ஆயத்த நிரல்) கூடவே வருகிறது, அதுவே போதும்.

அப்புறம், முதல் நெடுவரிசையின் பெயர் மட்டும் பொருந்தவில்லையா? எக்செல்லில் யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்த கோப்பின் தொடக்கத்தில் எழுத்துக் குறியாக்கத்தைக் காட்டும், கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி இருக்கும். அது முதல் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அதை நீக்கிவிட்டுப் படியுங்கள்.