மருந்தடிக்கிறவருக்குக் கை மரத்துப்போவது எதனால்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 46. பண்ருட்டி பக்கம் முந்திரித்தோப்புகளில் பதினைந்து வருஷமாகக் கூலிக்கு மருந்தடிக்கிறார். மார்கழி முதல் மாசி வரை அந்த வேலை, மற்ற மாதங்களில் கட்டட வேலை. புரொபெனோபாஸ், லாம்டா சைஹாலோத்ரின் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. அடித்த அன்று முகம் எரிகிறது, எறும்பு ஊருவது போல இருக்கிறது என்பார். போன மாசியில் இருந்து இரண்டு கையும் பாதமும் மரத்துப் போகின்றன. சொன்னதை மறந்துவிடுகிறார். இரண்டு வருஷம் முன்பு தோப்பிலேயே மயங்கி விழுந்து, ஓர் இரவு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினோம். இந்த மருந்தெல்லாம் மூளைக்குப் போய் நடுக்குவாதம் வரும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஜிப்மர் போய் மூளை ஸ்கேன் எடுத்துவிடலாமா? – ஒரு வாசகி, பண்ருட்டி வட்டம்

பதில்: ஸ்கேனுக்கு இப்போது அவசரப்பட வேண்டாம் அம்மா. இந்த மாதிரித் தொந்தரவில் மூளை ஸ்கேன் பெரும்பாலும் நார்மல் என்றுதான் வரும். அந்தத் தாளைப் பார்த்து, ‘ஒன்றுமில்லை’ என்று அவர் மறுபடி டேங்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்பதுதான் என் பயம். பரிசோதித்துப் பார்த்த டாக்டர் கேட்டால் எடுங்கள்.

நம் ஊரில் பூச்சிக்கொல்லிக்கும் மருந்து என்றுதான் பேர். ‘மருந்து அடிச்சேன்’ என்று ஒருவர் சொன்னால், என்ன மருந்து என்று கேட்காத டாக்டர்கள் நிறைய. நீங்கள் பெயரையே எழுதி அனுப்பியது பெரிய உதவி, ஏனென்றால் அந்த இரண்டும் நரம்பை இரண்டு விதமாகத் தொடுகின்றன. லாம்டா சைஹாலோத்ரின், நரம்பு முனையில் சோடியம் நுழைகிற வாசலைச் சட்டென்று மூடவிடாமல் திறந்தே வைக்கிறது. நரம்பு சும்மாவே சிணுங்கிக்கொண்டிருக்கும். முகத்தில் எறும்பு ஊருவது அதனால்தான். பொதுவாக ஒரு நாளில் அடங்கிவிடும்.

புரொபெனோபாஸ் வேறு ஜாதி. நரம்பு தசைக்குச் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற ஒரு பொருளை விடுகிறது. சேதி போய்ச் சேர்ந்ததும் அதை உடைத்து அப்புறப்படுத்த ஒரு நொதி இருக்கிறது. புரொபெனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அந்த நொதியைப் பூட்டிவிடும். சேதி நிற்காமல் ஓடும். வாயில் எச்சில் ஊறும், கண்ணில் நீர் வழியும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு இழுக்கும். இரண்டு வருஷம் முன்பு அவர் விழுந்த அன்று இதில் எதையாவது பார்த்தீர்களா? வெறும் வெயில் மயக்கமாகவும் இருந்திருக்கலாம். அந்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். அதில் அட்ரோபின் என்ற முறிவு மருந்தின் பெயர் எழுதியிருந்தால், அங்கிருந்த டாக்டர் விஷம் என்று சந்தேகப்பட்டிருக்கிறார்.

ஏன் கேட்கிறேன் என்றால், இந்தக் குடும்பத்து விஷங்கள் சில, கடுமையாக ஏறிய இரண்டு மூன்று வாரம் கழித்துக் காலில் இருந்து நரம்பைக் கெடுக்கும். 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயம் குடித்த ஆயிரக்கணக்கானோருக்குக் கால் விழுந்துபோனது. கலப்படமாக அதில் சேர்த்திருந்தது ஓர் ஆர்கனோபாஸ்பேட். உங்கள் வீட்டுக்காரருக்கு நாள் கணக்கு அப்படிப் பொருந்தவில்லை. அதனால் வேறு காரணங்களையும் தேட வேண்டும்.

சரி, வீடியோவுக்கு வருவோம். முழுப் பொய் சொல்லவில்லை. 1982இல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று உடல் இறுகி, பேச முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நடுக்குவாதம் வருகிற வயதே இல்லை. அவர்கள் போட்டுக்கொண்ட போதை ஊசியில் எம்.பி.டி.பி. என்ற ஒரு கழிவு கலந்திருந்தது. அது உடலுக்குள் மாறுகிற வடிவமும், பாராகுவாட் என்கிற களைக்கொல்லியும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதில் இருந்துதான் ஆராய்ச்சியாளர்கள் விவசாயிகள் பக்கம் திரும்பினார்கள். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பாராகுவாட் அல்லது ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லி கையாண்டவர்களிடம் நடுக்குவாதம் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாகத் தெரிந்தது. பிரான்ஸில் 2012 முதல், பூச்சிமருந்து கையாண்ட விவசாயிக்கு நடுக்குவாதம் வந்தால் அது தொழில்நோய்.

இரண்டரை மடங்கு என்றால் பயந்துவிடாதீர்கள். அறுபதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. அது இரண்டரை ஆனாலும் மீதி தொண்ணூற்றேழு பேருக்கு இல்லை. தவிர, நீங்கள் எழுதிய இரண்டு மருந்தும் பாராகுவாட் இல்லை. வரப்பில் களைக்கொல்லி அடிக்கிறாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதே ஆய்வுக்காரர்கள் 2015இல் சொன்னது. பாராகுவாட் அடித்தவர்களில், கையுறையைச் சரியாகப் போடாதவர்களிடம்தான் நோயோடு தொடர்பு தெரிந்தது. விஷம் ஏறுகிற வழி மூக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு போகிறோம். தோலை மறந்துவிடுகிறோம். 1971இல் வெளியான ஒரு பழைய சோதனையில், பாரத்தியான் என்ற மருந்தை உடம்பில் இடம் இடமாகத் தடவிப் பார்த்தார்கள். முன்னங்கையில் தடவியதில் சுமார் 9 சதவீதம் உள்ளே போனது. நெற்றியில் 36. விதைப்பையில் கிட்டத்தட்ட முழுவதும்.

உங்கள் பக்கத்தில் இருந்து வந்த ஒருவரிடம், எப்படி அடிப்பீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். மின்விசிறியை முந்திரிக் கிளையாக நினைத்துக்கொண்டு அண்ணாந்து கையைத் தூக்கினார். சட்டைக் கை முழங்கை வரை சரிந்து இறங்கியது. நெல்லுக்கு அடிப்பவருக்கு மருந்து முன்னால் போகிறது. முந்திரிக்கு அடிப்பவருக்கு மேலே போனது நெற்றியிலும் கழுத்திலும் திரும்பி இறங்குகிறது. குழாயில் வழிவது கை வழியாக அக்குள் வரை ஓடுகிறது. முதுகு டேங்க் கசிந்தால் லுங்கி நனைந்து, அந்த ஈரத்தோடே சாயங்காலம் வரை வேலை.

அதனால் ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை வாங்கிக் கொடுங்கள். துணிக் கையுறை வேண்டாம், அது மருந்தைக் குடித்துத் தோலோடு வைத்துக்கொள்ளும். சட்டைக் கையைக் கையுறைக்குள் விட்டு, கையுறையின் வாயை வெளிப்பக்கமாக ஒரு மடிப்பு மடிக்கச் சொல்லுங்கள். வழிகிற மருந்து அந்த மடிப்பில் தேங்கும், கைக்குள் இறங்காது. அகல விளிம்புத் தொப்பி, காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது, நாசில் அடைத்தால் வாயால் ஊதாமல் இருப்பது, இதெல்லாம் அவருக்கே தெரியும். வீட்டில் சொன்னால்தான் செய்வார்கள்.

அந்தத் துணியைத் துவைப்பது நீங்கள்தானே? பிள்ளைகளின் யூனிபார்மோடு ஒரே வாளியில் ஊற வைக்காதீர்கள். தனி வாளி, உங்கள் கையிலும் கையுறை. காலி டப்பாவில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றவே கூடாது. மீதி மருந்தைப் பூட்டி வையுங்கள்.

இனி அவருக்குச் செய்ய வேண்டியது. கை கால் மரத்துப்போனால் நான் முதலில் பார்ப்பது சர்க்கரை, பி12, தைராய்டு. மறதிக்கும் கடைசி இரண்டும் காரணமாகலாம். அப்புறம் குடி. தினம் குவார்ட்டர் போடுபவருக்கு இதே மாதிரி மரக்கும். ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தோலில் உணர்ச்சி இல்லாத வெளிர்ந்த தேமல் இருக்கிறதா என்று பாருங்கள், தொழுநோய் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. கட்டட வேலையில் மணிக்கட்டு நரம்பு நசுங்கினாலும் கை மரக்கும், ஆனால் பாதம் மரக்காது. கடலூர் அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு, ஜிப்மர் நரம்பியல் பிரிவில் நரம்புக் கடத்தல் பரிசோதனை, அதாவது நரம்பில் சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது, வேண்டுமா என்று கேளுங்கள். போகும்போது டப்பாக்களின் லேபிளைப் போனில் படம் பிடித்துக் காட்டுங்கள்.

இன்னொரு இரத்தப் பரிசோதனை உண்டு, கோலினெஸ்டரேஸ். நான் சொன்னேனே, பூட்டப்படுகிற அந்த நொதி, அதன் அளவு. ஒருவருக்கு இயல்பாகவே அதிகம் இருக்கும், இன்னொருவருக்குக் குறைவு. அதனால் சீசனில் ஒரு தடவை எடுத்து ‘நார்மல்’ என்று வந்தால் அதை நம்ப முடியாது. அவருடைய அளவை அவருடைய அளவோடுதான் ஒப்பிட வேண்டும். கலிபோர்னியாவில் மருந்தடிக்கும் தொழிலாளிக்கு வேலைக்கு முன்பே எடுத்துவைக்கிறார்கள். பிறகு அதில் 20 சதவீதம் இறங்கினாலே எங்கே தப்பு என்று முதலாளி பார்க்க வேண்டும். சிவப்பணுவில் இருக்கும் நொதி 30 சதவீதம் இறங்கினால் அந்த வேலையில் இருந்தே விலக்க வேண்டும். பூட்டப்பட்ட நொதிக்குப் பதில் புதிய சிவப்பணு வந்தாக வேண்டும், அதற்கு மூன்று நான்கு மாதம் பிடிக்கும். உங்கள் வீட்டுக்காரர் மாசியோடு மருந்தை விட்டிருக்கிறார், இப்போது ஐப்பசி. இந்த மாதமே ஒரு இரத்தம் எடுத்து, தாளைப் பத்திரமாக வையுங்கள். தையில், நாலைந்து நாள் மருந்தடித்த பிறகு, அதே பரிசோதனைக் கூடத்தில் இன்னொன்று எடுத்து இரண்டையும் எனக்கு அனுப்புங்கள்.