மேற்கு வெயிலும் ஏர்கான் கட்டணமும்

கேள்வி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டில் ஒரு படுக்கையறை மேற்கு பார்த்தது. இரவு 10 மணிக்கும் சுவர் சுடுகிறது. உட்புறம் வெப்பத்தடுப்புப் பலகை அடிக்கலாமா?
- வாசகி, ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்

பதில்: அவசரப்படாதீர்கள், முதலில் சன்னலைக் கவனியுங்கள். கண்ணாடி வழியே வெயில் நேராக உள்ளே வருகிறது. திரை போட்டாலும் வெப்பம் அதற்குள் அறைக்குள் வந்துவிட்டிருக்கும். வெயில் தடுப்புப் படலம் ஒட்டுங்கள். வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல், மொத்த சூரிய வெப்பத்தில் எத்தனை விழுக்காட்டைத் தடுக்கும் என்று கேளுங்கள். கருமையான மலிவுப் படலம் வெப்பத்தை உறிஞ்சிக் கண்ணாடியைச் சூடாக்கும். கம்பி பதித்த கண்ணாடி என்றால் விரிசல் விடக்கூடும்.

அடுத்தது காற்றுக் கசிவு. கதவின் அடியில் தூரிகைப் பட்டை, சன்னல் சட்டத்தில் நைந்துபோன ரப்பருக்குப் பதில் புதியது. ஏர்கான் ஓடும்போது அறையோடு ஒட்டிய கழிப்பறைக் கதவு மூடியிருக்கட்டும். அங்குள்ள காற்றுப்போக்கி குளிர்ந்த காற்றைத்தான் வெளியே தள்ளும்.

பலகைக்கு வருவோம். பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் அதை மெதுவாகத்தான் விடும், பலகை அதைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் குளிர்நாட்டு முறையில் அறைப்பக்கம் ஈரத்தடுப்புத் தாள் வைத்தால் இங்கே வம்பு. நமக்கு ஈரம் வெளியிலிருந்து வருகிறது. குளிர்ந்த தாளின் பின்னால் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். வினைல் சுவர்த்தாளும் அதே வேலையைச் செய்யும். சுவரில் மழைநீர்க் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் பலகையை நினைக்கவே வேண்டாம்.

சன்னலையே மாற்றுவதானால் கட்டட, கட்டுமான ஆணையம் அங்கீகரித்த குத்தகையாளரிடம் மட்டும் கொடுங்கள்.