பதில்: அப்பாவுக்கு வசனம் கேக்கல, மத்தவங்களுக்கு காது வலிக்குது

அப்பா வால்யூம 40ல வைக்கிறார், பசங்க காத பொத்திக்கிட்டு ரூமுக்குள்ள போயிடறாங்க, ராத்திரி எல்லாரும் ஒண்ணா உக்காந்து டிவி பாக்கறதே நின்னு போச்சுன்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் ரொம்ப கஷ்டமாயிடுச்சுங்க, எங்க வீட்லயும் இதேதான் நடந்துச்சு.

அப்பா மேல கோவப்படாதீங்க. வயசாகும்போது முதல்ல குறையறது கீச்சுன்னு வர்ற சத்தம் கேக்கற சக்திதான், ச, ஃப மாதிரி எழுத்தெல்லாம் அதுலதான் வருது, அதனால யாரோ பேசறாங்கன்னு தெரியும் ஆனா என்ன வார்த்தைன்னு புரியாது, வால்யூம ஏத்தினா பின்னணி இசையும் சேந்துதான் ஏறும். இப்ப வர்ற ஒல்லி டிவில ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழயோ பின்னாடியோ பாத்து இருக்கறது வேற.

சவுண்ட் செட்டிங்ஸ்ல போய் குரல தெளிவாக்கற ஆப்ஷன் இருக்கான்னு பாருங்க, டிவிக்கு டிவி பேரு மாறும். நைட் மோட் இருந்தா போட்டுவிடுங்க, பெரிய சத்தத்த அமுக்கி சின்னத தூக்கிக் குடுக்கும். ஓடிடில 5.1 ஆடியோ, அதாவது ஆறு சேனலா பிரிச்சு வர்ற சத்தம், ஓடிச்சுன்னா ஸ்டீரியோவுக்கு, அதாவது ரெண்டு சேனலுக்கு, மாத்திப் பாருங்க, 5.1ல வசனம் பெரும்பாலும் நடு சேனல்லதான் இருக்கும், டிவியோட ரெண்டு ஸ்பீக்கர்ல அது அமுங்கிடலாம்.

சப்டைட்டிலும் போடுங்க. நாங்க போட்ட அன்னிக்கு அம்மா பசங்களோட சேந்து அதே நொடில சிரிச்சாங்க, எத்தன நாளாச்சு அப்படிப் பாத்து! காது டாக்டர்கிட்டயும் ஒரு தடவ காட்டிடுங்க, சில சமயம் வெறும் அழுக்கு அடைச்சிருக்கும்.

டிவி மாடல் சொல்லுங்க, மெனு எங்க இருக்குன்னு பாத்து சொல்றேன்.